விழாப் புகைப்படத் தொழில்: கற்க விரும்புவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டில் திருமணம், வரவேற்பு, வளைகாப்பு, காதணி விழா, அரங்கேற்றம் போன்ற நிகழ்ச்சிகளைத் தொழில்முறையில் படமெடுக்கக் கற்றுக்கொள்ள விரும்புவோருக்காக இந்தக் கேள்வி பதில்கள் எழுதப்பட்டுள்ளன. இத்தொழிலின் வருமானத்தில் பெரும்பங்கு திருமணங்களிலிருந்தே வருவதால், பதில்களும் பெரும்பாலும் திருமணத்தைச் சுற்றியே அமைந்துள்ளன.

கேமராவை நன்றாகக் கையாளத் தெரிந்தால் விழாக்களைப் படமெடுக்க முடியாதா?

எடுக்க முடியும், ஆனால் அந்தப் படங்களுக்குப் பணம் கொடுத்தவர் தம் இரண்டாவது மகளின் திருமணத்துக்கும் உங்களையே அழைப்பாரா என்பது வேறு கேள்வி. இயற்கைக் காட்சிகளை எடுப்பவர் ஒளி சரியில்லை என்றால் மறுநாள் வரலாம். ஸ்டுடியோவில் எடுப்பவர் இன்னொரு முறை உட்காரச் சொல்லலாம். திருமணத்தில் தாலி கட்டுவது ஒரே முறைதான் நடக்கிறது. அது நடக்கும் நேரத்தையும் இடத்தையும் அங்குள்ள ஒளியையும் முடிவு செய்பவர்கள் புரோகிதரும் குடும்பத்துப் பெரியவர்களும் அலங்காரம் செய்தவரும்தான். புகைப்படக்காரருக்கு அதில் பங்கு மிகக் குறைவு. ஆகவே அடுத்து என்ன நடக்கப்போகிறது என்பதை அரை நிமிடம் முன்னதாகவே அறிந்து, நிற்க வேண்டிய இடத்தில் போய் நிற்பதே இந்த வேலையின் பெரும்பகுதி. கேமராவின் நுட்பங்களைச் சில மாதங்களில் பழகிவிடலாம். சடங்கின் போக்கைப் பழகுவதற்கு ஒரு முழுத் திருமணப் பருவமாவது ஆகும்.

இதற்குப் படிப்பு தேவையா? எங்கே படிக்கலாம்?

சான்றிதழ் கேட்டு யாரும் ஆர்டர் கொடுப்பதில்லை. பல கலைக்கல்லூரிகளில் உள்ள விஸ்காம் எனப்படும் காட்சித் தொடர்பியல் பட்டப்படிப்பில் புகைப்படக்கலை ஒரு பாடமாக இருக்கிறது. சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் ஒளிப்பதிவு கற்பிக்கப்படுகிறது. அது திரைப்படத்தை நோக்கிய படிப்பு என்றாலும், ஒளியைப் பற்றி அங்கே கற்பது எங்கும் பயன்படும். 1857இல் தொடங்கப்பட்ட போட்டோகிராபிக் சொசைட்டி ஆஃப் மெட்ராஸ் போன்ற அமைப்புகளில் சேர்ந்தால், நம் படத்தைப் பிறர் முன் வைத்துக் குறை கேட்கும் பழக்கம் வரும்.

தனியார் நிறுவனங்கள் இரண்டு நாள், மூன்று நாள் பட்டறைகளைப் பெருங்கட்டணத்தில் நடத்துகின்றன. தொடக்க நிலையில் உள்ளவருக்கு இவற்றை நான் பரிந்துரைப்பதில்லை. அங்கே ஒப்பனை செய்துகொண்ட மாடல்களை நிறுத்திவைத்து, பயிற்றுநரே ஒளியமைத்துத் தருகிறார். வந்தவர்கள் அனைவரும் ஏறக்குறைய ஒரே படத்தை எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். முகூர்த்த மேடையில் ஒளி அமைத்துத் தர யாரும் இல்லை. குறுக்கே வரும் மாமாவை விலகச் சொல்வதையும் எந்தப் பட்டறையும் கற்றுத்தராது. அந்தப் பணத்தில் ஒரு நல்ல ஃபிளாஷ் வாங்கிவிட்டு, அனுபவமுள்ள ஒருவரிடம் உதவியாளராகச் சேர்வது நல்லது.

உதவியாளராகச் சேர்ந்தால் என்ன வேலை கொடுப்பார்கள்?

முதலில் விளக்குத் தாங்கியைத் தூக்கி நடப்பது, பேட்டரிகளுக்குச் சார்ஜ் போடுவது, கேமராப் பையைக் கண் பார்வையில் வைத்துக்கொள்வது, குழுப்படத்துக்கு ஆட்களை அழைத்து வருவது ஆகியவைதான். இவற்றை அற்ப வேலைகள் என்று எண்ணுபவர்கள் சீக்கிரம் விலகிவிடுகிறார்கள். ஆனால் விளக்கைப் பிடித்து நிற்பவருக்குத்தான், விளக்கு ஓர் அடி நகர்ந்தால் மணமகளின் மூக்குத்தி நிழல் கன்னத்தில் எப்படி விழுகிறது என்பது தெரியும். ஆட்களை அழைத்து வருபவருக்குத்தான், இந்த வீட்டில் தாய்மாமன் யார், அவர் இல்லாமல் எந்தப் படத்தை எடுத்தால் சண்டை வரும் என்பது தெரியும்.

சில மாதங்கள் கழித்து இரண்டாவது கேமராவைக் கையில் கொடுப்பார்கள். அப்போது வரவேற்பு மேசையில் வைத்த சந்தனம், கற்கண்டு, பன்னீர்ச் செம்பு, சீர்வரிசைத் தட்டுகள், நாதஸ்வரக் குழு, பந்தி ஆகியவற்றை எடுக்கச் சொல்வார்கள். முதன்மைப் படக்காரர் எடுப்பதையே அவர் தோளுக்குப் பின்னால் நின்று நீங்களும் எடுக்காதீர்கள். ஆல்பத்தில் அதற்கு இடமே இருக்காது. அவர் மணமக்களைப் பார்க்கும்போது நீங்கள் பெற்றோரைப் பார்க்க வேண்டும். எடுத்த படங்களை உங்கள் பக்கத்தில் பகிரலாமா என்பதை முதல் நாளே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது இருவருக்கும் நல்லது.

டிரெடிஷனல், கேண்டிட் என்று இரண்டாகப் பிரிக்கிறார்களே, எதைக் கற்பது?

இரண்டையும் கற்க வேண்டும். மேடையில் வரிசையாக வந்து நிற்கும் உறவினர்களை நேராக நிறுத்தி, அனைவர் முகமும் தெரிய எடுப்பது டிரெடிஷனல். யாரையும் நிற்கச் சொல்லாமல், நடப்பதை நடக்கும்போதே எடுப்பது கேண்டிட். இன்றைய இளைஞர்களுக்குக் கேண்டிட்தான் கலை, மற்றது கூலி வேலை என்ற எண்ணம் இருக்கிறது. நான் இதை ஏற்பதில்லை. திருமணம் முடிந்து இருபது ஆண்டுகள் கழித்து ஒரு குடும்பம் தேடும் படம் பெரும்பாலும், இறந்துபோன தாத்தா மேடையில் நேராக நின்று எடுத்துக்கொண்ட அந்தச் சாதாரணப் படமாகத்தான் இருக்கும். அதில் அவர் கண் மூடியிருந்தால், மற்ற படங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த இழப்பு ஈடாகாது.

எந்தக் கேமராவும் லென்ஸும் வாங்க வேண்டும்?

கேமராவில் முதலில் பார்க்க வேண்டியது இரண்டு மெமரி கார்டுகளைப் போடும் வசதி. ஒரே படம் இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் பதிவானால், ஒரு கார்டு பழுதானாலும் படம் இருக்கும். 2018இல் வந்த சோனி ஏ7 III மாடலிலும், 2020இல் வந்த கேனான் ஆர்6, நிக்கான் இசட்6 II மாடல்களிலும் இந்த வசதி உண்டு. அதே நிக்கானின் முதல் இசட்6இல் ஒரு கார்டுக்கு மட்டுமே இடம் உள்ளது. இவையெல்லாம் பழைய மாடல்களாகிவிட்டதால் செகண்ட் ஹேண்டில் கிடைக்கின்றன. கற்பவருக்கு இவை தாராளமாகப் போதும்.

லென்ஸின் பெயரில் மில்லிமீட்டர் எண் கூடக் கூடக் காட்சி நெருங்கி வரும்; எஃப் எண் ஒளி நுழையும் துளையின் அளவு, அது குறையக் குறையத் துளை பெரிதாகும். லென்ஸில் 24-70 எஃப் 2.8 இருந்தால் பாதித் திருமணத்தை முடித்துவிடலாம். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து மேடையை எடுக்க 70-200 எஃப் 2.8 வேண்டும். இரண்டும் விலை உயர்ந்தவை என்பதால் தொடக்கத்தில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். சொந்தமாக 35, 85 மில்லிமீட்டரில் எஃப் 1.8 லென்ஸ்களை வைத்துக்கொண்டு பழகலாம். இரண்டாவது கேமரா உடல் இல்லாமல் மட்டும் ஒரு திருமணத்துக்கு முதன்மைப் படக்காரராகப் போகக் கூடாது. அது பழையதாக இருக்கலாம், இரவலாக இருக்கலாம். ஆனால் கையில் இருக்க வேண்டும்.

மண்டபத்துக்குள் படங்களில் கோடுகள் விழுகின்றன, முகத்தின் நிறமும் மாறுகிறது. ஏன்?

இரண்டுக்கும் காரணம் விளக்குகள்தான். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் வருவதால், அதில் நேரடியாக எரியும் விளக்கு நொடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. ஷட்டர் வேகம், அதாவது ஒரு படம் பதிவாகும் நேரம், 1/100 அல்லது 1/50 நொடியாக இருக்கும்போது ஒவ்வொரு படமும் இந்த ஏற்ற இறக்கத்தின் முழுச் சுற்றுகளைப் பெறுவதால் கோடுகள் வருவதில்லை. 1/500 என்று உயர்த்தினால் சுற்றில் ஒரு துண்டு மட்டுமே பதிவாகி, படத்தின் ஒரு பட்டை வெளிச்சமாகவும் மறு பட்டை இருட்டாகவும் அமைந்துவிடுகிறது. மேடைப் பின்னணியில் வைக்கும் எல்இடி திரைகளும் மலிவான வண்ண விளக்குகளும் வேறு வேகங்களில் துடிப்பதால், அவற்றுக்கு இந்தக் கணக்கும் பொருந்தாது. கேமராவில் ஃபிளிக்கர் எனப்படும் இந்தத் துடிப்பின் பாதிப்பைக் குறைக்கும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்த வேண்டும். பெரும்பாலான கேமராக்களில், சத்தமில்லாமல் எடுக்கும் எலக்ட்ரானிக் ஷட்டரில் இந்தத் தொல்லை அதிகம் என்பதால், எல்இடி வெளிச்சத்தில் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறிக்கொள்வது பாதுகாப்பு.

நிறம் மாறுவதற்குக் காரணம் பல நிற ஒளிகள் கலப்பது. ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகில் சொல்வார்கள். மண்டபத்தின் மஞ்சள் விளக்கு 3,200 கெல்வின் அளவிலும், ஃபிளாஷ் 5,500 கெல்வின் அளவிலும் இருக்க, வீடியோக்காரரின் விளக்கு இடையில் எங்கோ இருக்கும். வீடியோக்காரரிடம் முன்கூட்டியே பேசி, அவர் விளக்கின் நிற வெப்பநிலையைக் கேட்டு, உங்கள் ஃபிளாஷுக்கு அதற்கேற்ற வண்ணத் தாளை மாட்டிக்கொண்டால் எடிட்டிங்கில் பாதி வேலை மிச்சம். ஊதா நிற விளக்கு முகத்தில் நேராக அடித்தால் எந்த மென்பொருளாலும் முழுமையாகச் சரிசெய்ய முடியாது. முகூர்த்தம் முடியும் வரையாவது அதை அணைத்து வைக்குமாறு அலங்காரக்காரரிடம் தன்மையாகக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

ஃபிளாஷை மேற்கூரையில் அடித்துத் திருப்புவது அழகான ஒளியைத் தரும் என்று எல்லாரும் சொல்வார்கள். கூரை வெள்ளையாகவும் தாழ்வாகவும் இருந்தால் அது உண்மை. நம் கல்யாண மண்டபங்களில் கூரை மிக உயரத்தில் இருக்கும், அல்லது மணவறைக்கு மேல் சிவப்பிலும் மஞ்சளிலும் துணி கட்டியிருப்பார்கள். அந்தத் துணியில் பட்டுத் திரும்பும் ஒளி அதே நிறத்தை முகத்தில் பூசிவிடும். அதனால்தான் மேடையின் இருபுறமும் தாங்கியில் ஃபிளாஷை நிறுத்தி, டிரிகர் என்ற கம்பியில்லாக் கருவி மூலம் இயக்குகிறார்கள். விளக்கின் தூரம் இரு மடங்கானால் ஒளி கால் பங்காகக் குறையும் என்ற விதி இங்கே கைகொடுக்கும்: விளக்கைச் சற்றுத் தள்ளி வைத்துச் சக்தியைக் கூட்டினால், வரிசையின் இரு முனைகளில் நிற்பவர்களுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு வெளிச்சம் கிடைக்கும்.

தாலி கட்டும் தருணத்தை எப்படித் தவறவிடாமல் எடுப்பது?

அழைப்பிதழில் முகூர்த்த நேரம் காலை 6 மணி முதல் 7.30 வரை என்பது போல ஒன்றரை மணி நேரமாக அச்சிடப்பட்டிருக்கும். தாலி அதற்குள் எந்த நிமிடத்திலும் ஏறலாம். எனவே அந்த நேரம் தொடங்கும் முன்பே கேமராவில் புதிய பேட்டரி, போதிய இடமுள்ள கார்டுகள், ஃபிளாஷில் புதிய பேட்டரி ஆகியவை இருக்க வேண்டும். புரோகிதரிடம் முன்னரே போய் வணக்கம் சொல்லி, “ஐயா, தாலியைக் கையில் எடுத்ததும் ஒரு நொடி உயர்த்திக் காட்டச் சொல்லுங்கள்” என்று கேட்டுக்கொள்ளுங்கள். இப்படிக் கேட்பவர்களுக்கு அவர்கள் மிகவும் ஒத்துழைக்கிறார்கள். கேட்காமல் மந்திரத்தின் நடுவே “சார், இங்கே பாருங்க” என்று கத்துபவர்கள் மேல்தான் கோபப்படுகிறார்கள்.

தட்டில் தேங்காய் மேல் வைத்த தாலியும் அட்சதையும் சபையில் பெரியவர்களிடம் ஆசி பெறச் சுற்றி வரும்போதே உங்களுக்கு முதல் அறிவிப்பு வந்துவிட்டது. தட்டு மேடைக்குத் திரும்பியதும் நாதஸ்வரக் குழுவைப் பாருங்கள். தவில்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து புரோகிதரின் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் கை அசைந்ததும் கெட்டிமேளம் முழங்கும், முன்வரிசையில் இருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள், அட்சதை பறக்கும், நூறு கைபேசிகள் உயரும். அப்போது நீங்கள் கூட்டத்துக்குப் பின்னால் இருந்தால் தலைகள் மட்டுமே பதிவாகும். ஒருவர் மேடைமேல், மணமக்களுக்கு எதிரே சற்றுப் பக்கவாட்டில், ஹோமப் புகை முகத்தில் வராத பக்கமாக முழங்காலிட்டிருக்க வேண்டும். இன்னொருவர் நடுப்பாதையில் ஒரு ஸ்டூலின் மேல் 70-200 லென்ஸுடன் நிற்க வேண்டும். மணமகன் குனிந்து இரு கைகளையும் மணமகளின் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோகும்போது அவர் தோள், மணமகளின் முகத்தை ஒரு பக்கத்திலிருந்து முழுவதுமாக மறைத்துவிடும். அவர் எந்தப் பக்கம் அமர்ந்திருக்கிறாரோ அதற்கு எதிர்ப்பக்கமே உங்களுடைய இடம்.

அமைப்பைப் பொறுத்தவரை, ஷட்டர் 1/200, துளை எஃப் 4, ஐஎஸ்ஓ எனப்படும் ஒளியுணர்திறன் 1600 என மேனுவலில் வைத்து அங்கிருந்து கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம். எஃப் 1.4இல் எடுத்தால் தாலி தெளிவாகவும் முகம் மங்கலாகவும் வந்துவிடும். ஃபிளாஷை முழுச் சக்தியில் வைத்தால் மறுபடி தயாராக ஓரிரு நொடிகள் பிடிக்கும். ஐஎஸ்ஓவைக் கூட்டி, ஃபிளாஷைக் கால் சக்திக்கும் கீழே வைத்தால் தொடர்ந்து எரியும். ஆட்டோவில் விட்டால் மணமகனின் வெண்சட்டையையும் வேட்டியையும் பார்த்துவிட்டுக் கேமரா படத்தை இருட்டாக்கும். அதே மணமகன் மாலை வரவேற்பில் கருப்புக் கோட்டு அணிந்தால் முகத்தை வெளுக்கச் செய்யும். முதல் முடிச்சோடு கேமராவை இறக்கிவிடாதீர்கள். பின்னால் விளக்குடன் நிற்கும் நாத்தனார் மீதி முடிச்சுகளைப் போடும் வழக்கம் உள்ள வீடுகளில், அந்தப் படமும் ஆல்பத்தில் முழுப்பக்கத்துக்குரியது. மணமகளின் அம்மா முகத்தைப் பார்க்கவும் ஒருவர் வேண்டும்.

ஒவ்வொரு சமூகத்துக்கும் சடங்கு வேறாக இருக்கிறதே, எப்படித் தெரிந்துகொள்வது?

திருமணத்துக்கு ஒரு வாரம் முன்பு, வீட்டில் சடங்குகளை நடத்தும் பெரியவர் ஒருவரிடம் அரை மணி நேரம் பேசி வரிசையை எழுதி வாங்குங்கள். பிராமணத் திருமணத்தில் காசி யாத்திரை, மாலை மாற்றல், ஊஞ்சல் என்று தாலிக்கு முன்னரே படம் நிறைந்த பகுதிகள் உண்டு. மணமகள் தந்தையின் மடியில் அமர்ந்திருக்கத் தாலி கட்டப்படும். கொங்கு வேளாளர் திருமணத்தில் அருமைக்காரர் சீர்களை நடத்துவார். இணைச்சீர் என்ற சடங்கு மணமகனின் சகோதரிக்கு உரியது என்பது தெரியாதவர் அவரைப் படத்தின் ஓரத்தில் வெட்டிவிடுவார். நகரத்தார் திருமணத்தில் கழுத்துரு என்ற பெரிய தாலி மாலையும், தாலி கட்டும் சடங்கான திருப்பூட்டுதலும் தனிக் கவனம் கேட்பவை.

சுயமரியாதைத் திருமணத்தில் புரோகிதரும் இல்லை, ஹோமமும் இல்லை. 1967இல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத் திருத்தத்தின்படி மாலை மாற்றிக்கொள்வதே போதும். கெட்டிமேளம் போன்ற முன்னறிவிப்பு இல்லாததால் தலைமை தாங்குபவரின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். தேவாலயத் திருமணத்தில், எங்கே நிற்கலாம், ஃபிளாஷ் பயன்படுத்தலாமா என்பதைப் பங்குத்தந்தையிடமோ போதகரிடமோ முதல் நாளே கேளுங்கள். பலிபீடத்துக்கு முன்னால் குறுக்கே நடக்காதீர்கள். முஸ்லிம் திருமணங்களில் நிக்காஹ் சபை ஆண்கள் பக்கத்திலும், கருகமணி கட்டுவது பெண்கள் பக்கத்திலும் நடப்பதுண்டு. அங்கே பெண் புகைப்படக்காரர் ஒருவர் இல்லாமல் ஆர்டரை ஒத்துக்கொள்வதே முறையன்று.

பெண்களுக்கு இத்தொழில் ஏற்றதா?

மிகவும் ஏற்றது. மேலே சொன்ன காரணம் ஒன்று. மணமகள் அறையில் புடவை கட்டும்போதும், நலங்கு, வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு விழா போன்ற நிகழ்ச்சிகளிலும் குடும்பங்கள் பெண்களையே விரும்பிக் கேட்பது மற்றொன்று. அதிகாலை முகூர்த்தங்களுக்கு முந்தைய இரவே மண்டபத்தில் தங்க வேண்டியிருப்பதால், பூட்டக்கூடிய தனி அறையும் வாகன ஏற்பாடும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.

குழுப்படங்களில் எப்போதும் யாராவது ஒருவர் கண்ணை மூடிவிடுகிறார்.

மூன்று படங்கள் தொடர்ந்து எடுங்கள். இரண்டு வரிசை இருந்தால் துளையை எஃப் 5.6 அல்லது அதைவிடப் பெரிய எஃப் எண்ணில் வைத்து, முன்வரிசையில் உள்ளவர் கண்ணில் ஃபோகஸ் செய்யுங்கள். கண்ணாடி அணிந்தவரைத் தலையைச் சற்றே தாழ்த்தச் சொன்னால் ஒளித் திட்டு மறையும். முதியவர்களுக்கு நாற்காலி போட்டு முதலிலேயே எடுத்து அனுப்பிவிடுங்கள்; அவர்களை வரிசையில் காத்திருக்க வைப்பது அழகில்லை.

கோயிலில் நடக்கும் திருமணத்தை எடுக்கலாமா?

கோயில் அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி கேட்டுப் பெற வேண்டும். கருவறைப் பக்கம் கேமராவைத் திருப்பக் கூடாது. கோயில்களுக்குள் கைபேசிக்குத் தடை விதிக்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்ட பிறகு கெடுபிடி கூடியிருக்கிறது. ஒரே நாளில் பல திருமணங்கள் நடக்கும் கோயில்களில் உங்களுக்குச் சில நிமிடங்களே கிடைக்கும் என்பதால், மணமக்களை மட்டும் தனியாக எடுக்கும் படங்களைத் திருமணத்துக்குப் பின் வேறிடத்தில் வைத்துக்கொள்வதாக வீட்டாரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ட்ரோன் பறக்கவிட என்ன தேவை?

2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி, 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனை வணிக நோக்கில் இயக்குபவரிடம் ரிமோட் பைலட் சான்றிதழ் இருக்க வேண்டும். முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்தில் 120 மீட்டர், அதாவது 400 அடி உயரம் வரை பறக்கலாம். விமான நிலையத்தைச் சுற்றியுள்ள மஞ்சள், சிவப்பு மண்டலங்களில் அனுமதி வேண்டும். மண்டபம் எந்த மண்டலத்தில் வருகிறது என்பதை டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு இணையதளத்தின் வரைபடத்தில் பார்த்துவிட்டே ஒத்துக்கொள்ளுங்கள்.

எடுத்த படங்களை எப்படிப் பாதுகாப்பது?

24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா கோப்பு, அதாவது கேமரா திருத்தாமல் பதியும் மூலக்கோப்பு, 30 மெகாபைட் என்று வைத்துக்கொண்டால், 3,000 படங்களுக்கு 90 கிகாபைட் ஆகிறது. மண்டபத்தை விட்டுக் கிளம்பும் முன்போ, அன்றிரவு தூங்கும் முன்போ அது இரண்டு தனித்தனி ஹார்டு டிஸ்குகளில் ஏறியிருக்க வேண்டும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்று வேறு இடத்தில் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் முறை. இரண்டு ஹார்டு டிஸ்கையும் ஒரே பையில் வைத்துக்கொண்டு பேருந்தில் வருவது இரண்டு பிரதி ஆகாது. ஒவ்வொரு கோப்பும் திறக்கிறதா என்று பார்க்கும் வரை கார்டை அழிக்காதீர்கள்.

படமெடுக்கத் தொடங்கும் முன் எல்லாக் கேமராக்களின் கடிகாரத்தையும் நொடி சுத்தமாக ஒன்றாக்கிக்கொள்ளுங்கள். மூன்று கேமராவின் படங்களை நேர வரிசையில் அடுக்கும்போது, ஒன்றின் கடிகாரம் எட்டு நிமிடம் பிந்தியிருந்தால் தாலி கட்டிய பிறகு மாப்பிள்ளை காசி யாத்திரைக்குக் கிளம்புவார்.

எடிட்டிங்கிலும் ஆல்பத்திலும் எதைக் கவனிக்க வேண்டும்?

முதல் வேலை கழிப்பது. 3,000 படங்களையும் கொடுத்துவிட்டு வாடிக்கையாளரையே தேர்ந்தெடுக்கச் சொல்வது இங்கே பரவலான வழக்கம். அவர்கள் தேர்ந்தெடுக்க முடியாமல் மாதக்கணக்கில் இழுத்தடிப்பதும், அதனால் மீதிப் பணம் நிற்பதும் அதன் விளைவு. நீங்களே 500, 600 படங்களாகக் குறைத்துக் கொடுங்கள். தோல் நிறத்தை வெளுப்பாக்கச் சொல்லி வரும் வேண்டுகோளுக்கு உடனே இணங்காதீர்கள். ஒளியைச் சரியாக்கினாலே முகம் தெளிவாகும், நிறத்தை மாற்றினால் பட்டுப் புடவையின் அரக்கும் சரிகையும் சேர்ந்தே வெளிறிவிடும்.

இங்கு வழக்கிலுள்ள 12×36 அங்குல ஆல்பத்தில், விரித்த பக்கம் முழுவதும் ஒரே படத்தைப் போட்டால் 24 மெகாபிக்சல் படத்தின் 6,000 புள்ளிகள் 36 அங்குலத்தில் பரவி, அங்குலத்துக்கு 167 புள்ளிகள்தான் கிடைக்கும். கைநீட்டிப் பார்க்கும் தூரத்தில் அது நன்றாகவே தெரியும். ஆனால் அதே படத்தைப் பாதியாக வெட்டிப் பெரிதாக்கினால் மங்கல் தெரியத் தொடங்கும். நடு மடிப்பில் யார் முகமும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டணத்தை எப்படி நிர்ணயிப்பது? ஒப்பந்தம் தேவையா?

பக்கத்து ஸ்டுடியோவின் தொகையில் ஆயிரம் ரூபாய் குறைத்துச் சொல்வதுதான் புதியவர்கள் பலரும் செய்வது. இரண்டாம் கேமராக்காரரின் ஒருநாள் சம்பளம், வாடகை லென்ஸ், பயணம், ஆல்பம் அச்சுச் செலவு, எடிட்டிங்குக்கு உட்காரும் நாட்கள், கேமராவின் தேய்மானம் ஆகியவற்றை எழுதிக் கூட்டிப் பார்த்தால், அந்தத் தொகையில் கைக்காசு போவது தெரியும். ஆடியிலும் மார்கழியிலும் இந்துத் திருமணங்கள் பெரும்பாலும் இல்லை. புரட்டாசியையும் பலர் தவிர்க்கிறார்கள். எனவே ஒன்பது மாத வருமானத்தில் பன்னிரண்டு மாதம் வாழும் கணக்கைப் போட வேண்டும். மார்கழியில் சென்னை சபாக்களில் அனுமதி பெற்று, ஃபிளாஷ் இல்லாமல் கச்சேரிகளையும் நடனத்தையும் எடுத்துப் பழகுவது அந்த ஓய்வு மாதத்துக்கு நல்ல பயன்.

ஒப்பந்தம் ஒரு பக்கத்தில் இருந்தாலும் போதும். எந்தெந்த நிகழ்ச்சிகள், எத்தனை பேர், எத்தனை மணி நேரம், எத்தனை படங்கள், ஆல்பம் எப்போது, திருமணம் தள்ளிப்போனால் முன்பணம் என்னவாகும், படத் தேர்வை எத்தனை நாளில் முடித்துத் தர வேண்டும் என்பவை அதில் இருக்க வேண்டும். முன்பணம் ஒரு பங்கு, நிகழ்ச்சி நாளில் பெரும்பங்கு, ஆல்பம் கொடுக்கும்போது மீதி என்று பிரிப்பது வழக்கம். குழுவினரின் சாப்பாட்டையும் எழுதிக்கொள்ளுங்கள். வேடிக்கையாகத் தோன்றலாம், கடைசிப் பந்தியில் சாம்பார் தீர்ந்த பிறகு உட்கார்ந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். இச்சேவைக்கான வரி 18 சதவீதம்.

நான் எடுத்த படம் எனக்குத்தானே சொந்தம்? விளம்பரத்துக்குப் போட்டுக்கொள்ளலாமா?

இணையத்தில் கிடைக்கும் அமெரிக்க விளக்கங்களைப் படித்துவிட்டுப் பலரும் அப்படி நினைக்கிறார்கள். இந்தியாவில் 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டுக்கொண்டதன்பேரில் எடுக்கப்படும் புகைப்படத்துக்கு, வேறு உடன்பாடு ஏதும் இல்லாதபோது, பணம் கொடுத்தவரையே முதல் உரிமையாளர் ஆக்குகிறது. ஆகவே சமூக ஊடகத்திலோ கடை முகப்பிலோ போட விரும்பினால், அதற்கான ஒப்புதலை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதி, மணமக்கள் இருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். மஞ்சள் நீராட்டு விழாப் படங்களைப் பெற்றோர் சம்மதித்தாலும் பொதுவெளியில் போடாதீர்கள். அந்தச் சிறுமியிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

எப்போது தனியாக ஆர்டர் எடுக்கலாம்?

முதன்மைப் படக்காரர் திடீரென வர முடியாமல் போனாலும், அந்த முகூர்த்தத்தை அவர் பெயர் கெடாமல் உங்களால் முடித்துக்கொடுக்க முடியும் என்று அவரே நம்பும் நிலை வந்தபோது எடுக்கலாம். முதல் ஆர்டராகத் திருமணத்தை எடுக்காமல் பிறந்தநாள், காதணி விழா, வளைகாப்பு எனத் தொடங்குங்கள். நெருங்கிய உறவினர் திருமணத்தை மட்டும் முதல் முயற்சியாக வைத்துக்கொள்ள வேண்டாம். அங்கே உங்களைப் பந்தி பரிமாறவும் அழைப்பார்கள், படத்திலும் நிற்கச் சொல்வார்கள், பணமும் தர மாட்டார்கள்.